மீண்டு வந்தவர்களுக்கு அடையாள அட்டை வழங்குங்கள்

தருமபுரி மாவட்டத்தில் மனநல, போதை மீட்புப் பணிகளை மேற்பார்வையிடும் அலுவலர்களுக்கு,

வணக்கம். குடியிலிருந்தும் மனநோயிலிருந்தும் மீண்டு, அதே துன்பத்தோடு சிகிச்சைக்கு வருபவர்களுக்குத் துணை நிற்கும் சக ஆதரவாளர்களின் நிலையைத் தாங்கள் அறிவீர்கள். அடையாள அட்டையும் மாத மதிப்பூதியமும் கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. சென்ற வாரம் மருத்துவமனை ஒன்றில் நடந்ததற்குப் பிறகு, இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பென்னாகரம் பக்கத்துக் கட்டட மேஸ்திரி ஒருவர் குடியை நிறுத்திய மூன்றாம் நாள் இரவு அது. கை நடுக்கம் தோள்வரை ஏற, படுக்கை விரிப்பில் இல்லாத எறும்புகளை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பேய் பிடித்துவிட்டதென்று நம்பிய மாமியார், வீட்டுக்குக் கொண்டுபோய் மந்திரித்துவிடலாம் என்று மகளை நெருக்கினார். இந்த நிலையில் சிகிச்சையை நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு. மருந்து ஏற ஏறத் தெளிஞ்சிடும், நர்ஸைக் கூப்பிடுங்க" என்று நான் சொன்னதும்தான் அந்தப் பெண் கட்டில் கம்பியை விட்டுக் கீழே உட்கார்ந்தார். சற்று நேரத்தில் செக்யூரிட்டி வந்து, "சொந்தக்காரரா? இல்லேன்னா கார்டு இருக்கா?" என்று கேட்டு, வார்டில் இருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் என்னை வெளியேற்றினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கார்டைத் தர வேண்டியவர்கள் தாங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனவர் மாத்திரையை நிறுத்துவதும், வாரக்கூலி கையில் விழும் சனிக்கிழமையன்று தடுமாறுவதும் மருத்துவர் கண்ணில் படாத இடத்தில் நடக்கின்றன. சித்தேரிக்கும் வத்தல்மலைக்கும் ஏறிப்போய், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் நாங்கள். பஸ் செலவும் அன்றைய கூலியும் எங்கள் கையைவிட்டே போகின்றன. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கிடைப்பது நல்லதே. ஆனால், போனை எடுக்கவும் மனமில்லாமல் சுருண்டு கிடப்பவரை எழுப்பி உட்காரவைக்க நேரில் ஓர் ஆள் வேண்டும்.

மது, போதைப்பொருள் பழக்கத்தோடு வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்றே வரையறுத்து, சிகிச்சையை உரிமையாக்கியுள்ளது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்றுவரும் அரசு, நண்பகல் 12 மணிக்குக் கடை திறக்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறது. அந்தக் கடையைத் தாண்டி ஒருவரை வீடு சேர்க்கிறவனுக்கு ஓர் அட்டை கொடுக்க ஏன் இத்தனை தயக்கம்?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். எங்களுக்கு உரிய பயிற்சி அளித்து, அடையாள அட்டையும், பயணப்படியோடு மாத மதிப்பூதியமும் வழங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆணை வரும்வரை, நோயாளியின் குடும்பத்தார் அழைத்தால் இரவிலும் எங்களை வார்டுக்குள் விடும்படி மருத்துவமனைகளுக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பி உதவுங்கள்.

இப்படிக்கு,
சக ஆதரவாளர் ஒருவர்,
பென்னாகரம் வட்டம்