மெக்கென்ஸி ஆங்கிலப் பெயர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில், கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளராக இருந்த கர்னல் காலின் மெக்கென்ஸியின் சுவடித் தொகுப்பைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அவரை 'ஆங்கிலேயர்' என்றும், அவர் பெயரை 'ஆங்கிலப் பெயர்' என்றும் எழுதியிருப்பது சரியல்ல. 1783-இல் சென்னைக்கு வந்த அந்த மனிதர், ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே என்ற ஊரில் பிறந்தவர். பெயரும் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் வந்த பெயர்.

நாம் 'மெக்' என்று எழுதுவது கேலிக்கில் 'மக்'. 'மக்' என்றால் மகன். கோயின்னிக் என்பது ஓர் ஆளின் பெயர். அழகன் என்று பொருள் சொல்வார்கள். கோயின்னிக்கின் மகன், அவ்வளவுதான். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கேலிக்கில் 'மக்' வராது, 'நிக்' வரும். மெக்கென்ஸிகள் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கின்டெய்ல் பகுதிக் குலத்தார். 1610 வாக்கில் மக்லியோட் குலத்தாரிடமிருந்து லூயிஸ் தீவு இவர்கள் கைக்கு வந்தது. அந்தத் தீவில் மெக்கென்ஸிகள் பெருகியது அப்படித்தான்.

சரி, 'ஸி' எங்கிருந்து வந்தது? முப்பது வருஷம் அச்சுக்கோத்தவன் என்பதால் எனக்கு இதில்தான் மனசு நிற்கிறது. கேலிக்கில் அந்த இடத்தில் ஒலிப்பது ஏறக்குறைய நம்முடைய 'ஞ'. அந்த ஒலியைக் காட்ட ஸ்காட்லாந்தில் 'யோக்' என்று ஓர் எழுத்து வைத்திருந்தார்கள். 3 என்ற எண்ணின் வாலைக் கோட்டுக்குக் கீழே இழுத்துவிட்டது போல இருக்கும். 1508-இல் எடின்பரோவுக்கு அச்சு வந்தது. யோக் எழுத்து இல்லாத அச்சகத்தார், பார்வைக்கு ஒத்துப்போன 'இசட்'டை எடுத்துக் கோத்தார்கள்.

எனக்கு இது நன்றாகவே புரிகிறது. ஒரு கல்யாணப் பத்திரிகை கோக்கும்போது பெட்டியில் 'ஷ' தீர்ந்துபோனது. மாப்பிள்ளை ஷண்முகத்தைச் சண்முகமாக்கித்தான் மிஷினில் ஏற்றினோம். அந்தப் பத்திரிகை ஒரு முகூர்த்தத்தோடு போயிற்று. அங்கே மாற்றெழுத்தே நிலைத்துவிட்டது. 'மக்கென்யி', 'மக்கிங்கி' என்றெல்லாம் வழங்கிய பெயரை, அச்சில் பார்த்துப் பார்த்து அந்தக் குடும்பத்தாரே 'ஸி' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ரோமன் எழுத்தில் 'ழ'வுக்கு 'zh' போட்டு எழுதியிருக்கும் கோழிக்கோட்டை ரயிலில் யாராவது 'கோசிகோடு' என்று படிக்கக் கேட்டிருந்தால், அது எப்படி நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

எல்லாப் பெயரும் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. 'மென்ஸீஸ்' என்று எழுதியிருக்கும் பெயரை ஸ்காட்லாந்தில் இன்றும் 'மிங்கிஸ்' என்கிறார்கள். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட் மென்ஸீஸுக்கு 'மிங்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதில் இந்த உச்சரிப்புக்கும் பங்கு உண்டு. 'டால்ஸியல்' என்று நாம் படிக்கும் பெயர் அங்கே 'டீயெல்'. எனக்கு இந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஓர் எழுத்தே செத்துப்போன பிறகும், அதன் ஒலியை வாயிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

மெக்கென்ஸியை இனிப் பழைய ஒலியில் எழுதச் சொல்லவில்லை. கட்டுரையின் அடுத்த பகுதியில் 'ஸ்காட்லாந்துக்காரர்' என்று திருத்திவிடுங்கள். அப்புறம், அவருக்காக ஊர் ஊராக அலைந்து தகவல் சேர்த்த காவலி வெங்கட போரய்யாவின் பெயர் ஓரிடத்தில் 'பொரையா' என்று அச்சாகியிருக்கிறது. அதையும் சேர்த்துத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
மதுரை.