மடத்துத் திருப்பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கு நிருவாக சபையின் அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு,

கதிர்காமத்துக்கு நடந்து போகும் சாமிமார் தங்குகிற நம் ஊர் மடத்தின் திருப்பணி முடிந்துவிட்டது. இந்த வருட யாத்திரிகர்கள் வந்து தங்கிப் போயும் விட்டார்கள். மன்றத்தின் சுற்றுலாப் பணம் முழுவதும் இதில் போனதால், அது என்ன ஆனது என்று கேட்க உங்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு. வரவு செலவு விபரம் பற்றுச்சீட்டுகளோடு அறிவித்தல் பலகையில் இருக்கிறது. இங்கே பலகையில் இல்லாததைச் சொல்கிறோம்.

செல்வச்சந்நிதி, முல்லைத்தீவு என்று வடக்கிலிருந்து புறப்பட்டு, திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமியை வணங்கிவிட்டுப் பொத்துவில் பக்கம் நடப்பவர்கள், வெயில் ஏறும் நேரத்தில் ஒதுங்குகிற இடம் நம் மடம். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போனது, 2004 சுனாமியில் கிழக்குச் சுவர் போனது. இரண்டு தடவையும் அவசரத்துக்குப் பார்த்த வேலைதான் இவ்வளவு காலம் தாங்கியது. 2022இல் தொடங்கப் பார்த்தோம். சீமெந்து விலையைக் கேட்டதும் அப்படியே விட்டுவிட்டோம்.

பொதுக்கூட்டத்தில் பெரிய இழுபறி, முன்வாசலில் வளைவு கட்டுவதா, பின்வளவில் மலசலகூடம் கட்டுவதா என்பதில்தான். வளைவென்றால் உபயகாரர் பெயர் பொறிக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் காசு அனுப்புவார்கள் என்று ஒரு பக்கம். மலசலகூடத்தில் யார் பெயரைப் பொறிப்பது என்று ஒருவர் கேட்கக் கூட்டமே சிரித்தது. ஆனால் நடந்து வருகிறவர்களில் வயதான அம்மாமார் நிறையப் பேர். விடியுமுன் இருட்டில் பற்றைக்குள் ஒதுங்கப் பட்ட பாடு அவர்களுடையது. அதை ஒரு மூத்த அங்கத்தவர் எழுந்து சொன்ன பிறகு, கை தூக்க யாரும் அதிகம் யோசிக்கவில்லை.

மலசலகூடம் கட்டுவது நினைத்தது போல் சின்ன வேலை இல்லை. நம்முடையது மணல் தரை. குழியில் ஊறுகிற தண்ணீர் மணலுக்குள்ளால் கிணற்றுக்குப் போய்விடும். கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் குழி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னதால், கயிறு பிடித்த இடத்தை விட்டு வளவின் மற்ற மூலைக்குப் போனோம். கணக்கில் குழாய்ச் செலவைப் பார்த்து இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அக்கரைப்பற்றிலிருந்து வந்த மேசன் நானாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடல் மணல் ஒரு கூடைகூடக் கலக்க விடவில்லை. கடற்கரை பக்கத்தில்தானே கிடக்கிறது, லொறிக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று நம்மவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் பழைய தூணில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். மேற்பூச்சு விழுந்தது. உள்ளே விரல் மொத்தம் இருந்த கம்பி ஈர்க்குப் போல மெலிந்து, தொட்ட இடமெல்லாம் செதில் செதிலாக உதிர்ந்தது. உப்பு தின்றது என்றார். அதற்குப் பிறகு மணல் கதையை ஒருவரும் எடுக்கவில்லை.

கூரைக்கு வளையும் கைமரமும் புதிது, ஓட்டில் நல்லதைப் பொறுக்கித் திரும்பப் போட்டோம். கால் கழுவும் இடம், முன்பு யாத்திரை போய்வந்த அங்கத்தவர்களின் யோசனை: முழங்கால் உயரத்தில் குழாய், எதிரே சீமெந்துத் திண்ணை. கொப்புளம் போட்ட காலோடு நின்று குனிய முடியாது, இருந்தபடியே கழுவலாம். மடத்தில் அதிகம் பாவிக்கப்பட்டது இந்தத் திண்ணைதான்.

சிரமதானத்துக்கு வந்த அனைவருக்கும் நன்றி. மண்வெட்டி பிடித்தவர்களைவிட மர நிழலில் இருந்து யோசனை சொன்னவர்கள் கூட என்பது எல்லோருக்கும் தெரியும், பெயர் வேண்டாம். சமையலை இம்முறை ஆண்களே பார்ப்போம் என்று எடுத்த தீர்மானத்தின்படி முதல் நாள் சோறு கஞ்சியானது. அடுத்த நாள் மாதர் சங்கத்தினர் கேட்காமலே வந்து அடுப்பைப் பொறுப்பெடுத்தார்கள். எருமைத் தயிர் தந்த பட்டிக்காரருக்கும் நன்றி.

சுற்றுலா இல்லாமல் போய்விட்டதே என்ற குறை சிலருக்கு இருந்தது. அதனால் அவரவர் கைக்காசில் வான் பிடித்து, கதிர்காமம் போகும் காட்டுப் பாதை திறந்த அன்று உகந்தை முருகன் கோயிலுக்குப் போய்ச் சாமிமாரை வழியனுப்பினோம். பாணமை தாண்டியதும் வீதியோரம் யானை நின்றதால் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. உகந்தையில் முருகனும் வள்ளியும் வந்ததாகச் சொல்லும் கல்லோடங்களைப் பார்த்தோம், கடற்கரையில் இருந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். அங்கிருந்து குமண காட்டுக்குள்ளால் போய்க் கும்புக்கன் ஆற்றைக் கடக்க வேண்டும், வழியில் கடை கிடையாது. அரிசியும் பருப்பும் தலையில் சுமந்து அரோகரா சொல்லி நுழைகிறவர்களைப் பார்த்து, நம்மவர்களில் இருவர் வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டு அவர்களோடு நடந்துவிட்டார்கள். வானில் இரண்டு இருக்கை வெறுமையாகத் திரும்பியது. இருவரும் சுகமாக ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

ஊர்ச் செய்தி: இவ்வருடம் பல்கலைக்கழகம் தெரிவான நம் பிள்ளைகளுக்கு அடுத்த ஒன்றுகூடலில் பாராட்டு. மன்ற மண்டபத்தை வாரத்தில் ஒரு பின்னேரம் தையல் வகுப்புக்குத் தரும்படி மாதர் சங்கம் கேட்டது. கரம் பலகையை ஓரமாக வைப்பதென்று சம்மதித்துள்ளோம்.

மீதிக் காசில் கிணற்று மோட்டருக்கு மாரிக்கு முன் ஒரு கூடு கட்ட வேண்டியிருக்கிறது. வளைவு விடயத்தை மறுபடி எடுக்கும்படி கடிதம் தந்தவர்களுக்கு: அது அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்பட்டுள்ளது, மோட்டர்க் கூட்டுக்குப் பிறகு.

இங்ஙனம்,
நிருவாக சபை