உன் பைக் இன்னும் உன் பெயரில்தான் ஓடுகிறது

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மணிவண்ணா,

இங்கே எல்லோரும் நலம். அக்காவின் முழங்கால் வலி தேவலையா? பொங்கலுக்குப் பிறகு நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம். இப்போது எழுதுவது நீ தரகரிடம் விற்ற உன் பழைய பைக்குக்காக.

நேற்று மாலை சில்வர் பீச் சாலையில் அதைப் பார்த்தேன். புதுச்சேரி எண். டேங்கில் தங்கராசு உபயம் செய்த அதே நசுங்கல். ஓட்டி வந்த பையனுக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. நிறுத்தி விசாரித்தேன். முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலையாம். மரியாதையாகப் பேசினான். நெல்லிக்குப்பத்தில் ஒருவரிடம் வாங்கியிருக்கிறான். அவர் உன் தரகரிடம் வாங்கியவர். ஆர்.சி.யைக் காட்டினான். உன் பெயர், உன் முதலியார்பேட்டை முகவரி! இன்சூரன்ஸ் காலாவதியாகிவிட்டது. எனக்குப் பகீரென்றது.

'பெயர் மாற்றத்துக்கான 29, 30 இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே' என்பாய். வாங்குபவர் பெயரே எழுதாமல் வெறும் தாளில் கையெழுத்துப் போடுவதை உனக்கு யாரடா கற்றுக்கொடுத்தது? சீட்டுப் பணத்தில் ஐந்து ரூபாய்க்கு ரசீது கேட்கிறவன் நீ! 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். நவீன் குமார், விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். கார் கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. பதிவேட்டில் மட்டும் முதலில் விற்றவர் பெயரே இருந்தது. விபத்துக்கான இழப்பீட்டை அவர்தான் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

மணி, இரவு எனக்குத் தூக்கமில்லை. அந்தப் பையன் நாளை யார் மீதாவது மோதினால், இன்சூரன்சும் இல்லாத நிலையில், நீதிமன்றம் உன்னைத்தான் தேடி வரும். செல்வியின் கல்யாணத்துக்கு நீ சேர்த்திருக்கும் பணத்துக்கு இப்படி ஓர் ஆபத்து வரக் கூடாது. அந்தப் பையனுக்கும் நிம்மதியில்லை. உழைத்த காசில் வாங்கிய வண்டி அவனுடையது என்று காட்ட ஒரு காகிதம் இல்லை.

அதனால் நீ உடனே புதுச்சேரி போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கு. வேறு மாநிலத்தில் விற்றால் 45 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். கெடு எப்போதோ தாண்டிவிட்டது, அபராதம் கேட்டால் கட்டிவிடு. சான்று வந்ததும் இங்கே அவன் பெயருக்கு மாற்றி, வரியும் கட்டி, கடலூரின் டி.என். 31 எண் வாங்கிக்கொள்ளலாம். இன்சூரன்சைப் புதுப்பிக்கும் வரை வண்டியை வெளியே எடுக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான்.

படிவம் 28உடன் கொடுக்க வேண்டிய சேசிஸ் எண் பிரதிக்காக இன்று காலையே அவனை மெக்கானிக்கிடம் அழைத்துப் போனேன். சேசிஸ் எண் மேல் படிந்திருந்த கிரீசை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தோம். கடைசி இரண்டு எண்களை மட்டும் துரு தின்றிருந்தது. மறுபடி அழுத்தித் தேய்த்த பிறகு தெளிவாக விழுந்தது. அந்தப் பிரதிகளையும் ஆர்.சி. நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மடிக்காதே.

படிவத்தில் உன் பழைய கையெழுத்தையே போடு. வங்கிக்காக மாற்றிக்கொண்ட புதுக் கையெழுத்து வேண்டாம். திங்கட்கிழமை விடுப்பு எடுக்க முடியுமா என்று இன்றே பதில் எழுது. முடியுமென்றால் காலை பஸ்ஸில் நானும் வருகிறேன்.

அன்புடன்,
சேகர்