பிரித்துக் கொடுத்த குப்பையைக் கலப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குப்பை தரம் பிரிக்கப்படாமல் கிடப்பது பற்றிய உங்கள் தலையங்கத்தில் "மக்களிடம் விழிப்புணர்வு இல்லாததே காரணம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நல்லதுங்க. எங்கள் தெருவுக்கு வராமலே எழுத முடிகிறதே, அதுவும் ஒரு திறமைதான்.

எங்கள் வீட்டில் பச்சை வாளி, நீல வாளி இரண்டும் உண்டு. காய்கறித் தோலும் மிச்சச் சோறும் ஒன்றில், பால் கவரும் மசாலா பாக்கெட்டும் இன்னொன்றில். காலையில் பேட்டரி வண்டி வரும். இரண்டு வாளியும் ஒரே தொட்டியில் கவிழும். "ஏனுங்க, பிரிச்சுத்தானே கொடுத்தேன்?" என்றால், "வண்டியில தடுப்பு இல்லீங்க, நாங்க என்ன பண்றது?" என்கிறார் தூய்மைப் பணியாளர். அவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? வாளி கொடுத்த அன்று மட்டும் பந்தல், நாற்காலி, சால்வை எல்லாம் இருந்தன. உங்கள் நாளிதழிலும் படம் வந்தது.

நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள், மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆவணி முகூர்த்தம் முடிந்த மறுநாள் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் வாய்க்கால் கரைக்கு வாருங்கள். பந்தி இலை மொத்தமும் அங்கேதான். மண்டபக்காரருக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம், மக்கும் குப்பையை உரமாக்க ஊர்க்கோடியில் நுண் உரம் செயலாக்க மையம் என்று ஒன்று கட்டினார்கள். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டை போட்டு, இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஈரக் குப்பையை மட்டும் தொட்டி நிறையக் கொட்டினால் காற்றுப் புகாமல் அழுகி நாறத்தான் செய்யும். நடுநடுவே சருகோ தென்னைநார்க் கழிவோ போட்டு, அவ்வப்போது கிளறிவிட வேண்டும். எருக்குழி வைத்திருந்த எங்கள் அப்பாருக்கு இதை யாரும் முகாம் நடத்திச் சொல்லித் தரவில்லை. வண்டியை நம்பி வெறுத்துப்போய், நானும் மொட்டை மாடியில் பழைய டிரம்மில் ஓட்டை போட்டு, வேப்பஞ்சருகு கலந்து உரம் தயாரிக்கிறேன். பக்கத்து வீட்டுக்கு இன்றுவரை வாடை போனதில்லை. ஆனால் பூட்டிய அந்த மையத்துக்கு எதிரிலேயே, தெருவில் கூட்டிய சருகைக் குவித்துத் தீ வைக்கிறார்கள்!

கோவை வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தால் முதல் பக்கத்தில் பெரிய படம் போடுகிறீர்கள். மக்கும் குப்பை காற்றில்லாமல் குவிந்து கிடந்தால் மீத்தேன் உண்டாகும், அது எளிதில் தீப்பிடிக்கும் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டால் என்ன? திருப்பூரில் கல் வெட்டிக் கைவிட்ட பாறைக்குழிகளில் குப்பை கொட்டக் கூடாது என்று சனங்கள் போராடினால், உங்களுக்கு அது வெறும் போக்குவரத்து நெரிசல் செய்தி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் தெரு வண்டியில் நடுவே ஒரு தகரத் தடுப்பு அடிக்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. மனு கொடுத்தும் பதில் இல்லை. உங்கள் நிருபர் ஒரு போன் போட்டால் நடந்துவிடும்.

இந்தக் கடிதத்தையாவது வெட்டாமல் போடுங்கள். போன முறை நான் எழுதியதில் மண்டபம் பற்றிய பத்தி மட்டும் காணாமல் போயிருந்தது.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
ஈரோடு மாவட்டம்.