இருட்டறையைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி எழுதுகிறேன். சென்ற வாரச் சுற்றறிக்கையைப் படித்தோம். இந்தப் பருவம் முழுக்கச் செய்முறை வகுப்புகள் ஆன்லைனில். ஒளியியல் சோதனைகள் செய்யும் இருட்டறை காணொளிப் பதிவுக் கூடமாகிறது. பின்னணி உங்களுக்கே தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இருட்டறையை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள்.

ஆன்லைன் என்றாலே முகம் சுளிக்கும் ஆள் இல்லை நான். குவாண்டம் இயக்கவியலில் பாதி எனக்குப் புரிந்தது ஐஐடிகள் இணையத்தில் தரும் என்.பி.டி.இ.எல். பாடக் காணொளிகளால்தான். ஐஐடி பேராசிரியரை நடுவில் நிறுத்தி, அதே வரியை மறுபடி சொல்ல வைக்கலாம். வகுப்பில் அந்தத் தைரியம் யாருக்கு வரும்? ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்க 2021-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி செய்துவிட்டது. தியரியைத் தாராளமாக அப்படி நடத்துங்கள்.

ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் அப்படியல்ல. சோடியம் விளக்கைப் போட்டதும் இளஞ்சிவப்பாக எரியும். நல்ல மஞ்சளாகச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்புறம் முப்பட்டகத்தை மேடையோடு மெல்லத் திருப்பினால், தொலைநோக்கிக்குள் மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகர்ந்து போய், ஓரிடத்தில் நின்று, வந்த வழியே திரும்பும். திரும்புகிற அந்த இடம்தான் சிறும திசைமாற்றம், அதாவது முப்பட்டகம் ஒளியை மிகக் குறைவாகத் திருப்பும் நிலை. கை கொஞ்சம் வேகமாகப் போனால் கோடு காணாமல் போய்விடும். முதலிலிருந்து தேட வேண்டும். ஆன்லைன் செய்முறையில் திரையில் ஒரு பொத்தானை இழுக்கிறோம், கோடு சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கிறது. அளவுகளும் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. அத்தனை பேர் ரெக்கார்டு நோட்டிலும் ஒரு கலைகூட (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிசகாமல் ஒரே கோணம். பிழையே வராத இயற்பியல் துறை நாட்டிலேயே நம்முடையதாகத்தான் இருக்கும்.

பருவத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருபவர் திரையைத் தரமாட்டார், கருவியைத்தான் தருவார். அன்று எந்தத் திருகைத் திருகுவது என்று யாரைக் கேட்போம்? ஆய்வகக் கட்டணம் மட்டும் முழுதாக வாங்கப்பட்டிருக்கிறது, ரசீது இருக்கிறது. அந்தக் கட்டணத்தையும் திரையில் காட்டினால் போதாதா என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை.

மழை லீவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கலெக்டர் விடுமுறை அறிவித்தால் ஒன்பது மணிக்கெல்லாம் மீட் லிங்க் வந்து நிற்கிறது. கரண்ட் போன ஊர்க்காரர்கள் ஆப்சென்ட். கலெக்டர் கொடுத்த லீவுக்கு நாங்கள் அட்டெண்டன்ஸை இழப்பது என்ன கணக்கு என்று கணிதத் துறையாவது விளக்கினால் தேவலை. சரி, அது தனி மடலுக்கான சங்கதி.

காணொளிக் கூடமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கும் கருத்தரங்க அறையில் கேமராவை வைத்துக்கொள்ளலாமே. எங்களுக்கு இருட்டறை வேண்டும். இந்தப் பருவத்திலேயே, தேர்வுக்கு முன், ஒவ்வொருவரும் தன் கையால் அளவெடுக்கும்படி நேரடிச் செய்முறை வகுப்புகளுக்குத் தேதி அறிவிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

அதுவரை, மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடியிருக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர்களையாவது தயவுசெய்து உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். லென்சில் பூஞ்சை பிடித்துவிட்டால் அறை கிடைத்தும் பயனில்லை.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி