சொந்தமாகக் கற்றவனுக்கும் ஒரு தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தக் காலத்தில் பட்டம் தேவையில்லை, எதையும் யூடியூப்பிலேயே கற்றுக்கொள்ளலாம் என்று சென்ற வாரம் கோலாலம்பூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தம் பெயருக்குப் பக்கத்தில் எம்.ஏ. என்று போட மட்டும் அவர் மறக்கவில்லை. சரி, இருக்கட்டும்.

நான் சுங்கை சிப்புட்டில் வயரிங் வேலை செய்பவன். தோட்டத்தில் பிறந்து, படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன். தொழிலைக் கற்றது செம்பனை ஆலையில், ஒரு மூத்த சார்ஜ்மேனுக்கு, அதாவது மின்சாரப் பொறுப்பாளருக்கு, பை தூக்கித்தான். மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) கட்டுவது, ஸ்டார்ட்டரில் கோளாறு தேடுவது எல்லாம் அவர் கையைப் பார்த்து வந்தவை. மிச்சம், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய மலாய்ப் புத்தகங்களில் படித்தது. சொந்தப் படிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் மின்சார வேலைக்கு 1994ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. புது வீட்டு வயரிங் முடிந்ததும் மேற்பார்வை, நிறைவுச் சான்றான ஜி பாரத்திலும் சோதனைச் சான்றான எச் பாரத்திலும் தகுதிச் சான்றிதழ் உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும். எரிசக்தி ஆணையத்தின் பென்டாவாய் (வயரிங்காரர்) சான்றிதழ் என் கைக்கு வரும்வரை வேலை என்னுடையது, கையெழுத்து வேறொருவருடையது. கூலியில் பெரிய பங்கும் கையெழுத்துக்கே போயிற்று.

இன்றும் ஏர்கோன் மாட்டும், வெல்டிங் செய்யும் நம் பையன்கள் பலர் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். திறன் மேம்பாட்டுத் துறையில் பிபிடி என்று, ஏற்கெனவே கற்ற திறனை அங்கீகரிக்கும் ஒரு வழி உண்டு. வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டில் தேறினால் எஸ்கேஎம் திறன் சான்றிதழ் கிடைக்கும். அதற்கு மேல் நான்காம், ஐந்தாம் நிலைகளில் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் இருக்கின்றன. தொழில் அனுபவத்தோடு 21 வயதும் ஆகியிருந்தால், ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் இல்லாமலே, அனுபவத்தை எடைபோடும் அப்பெல் மதிப்பீடு வழியாக இளங்கலைப் படிப்பில் சேர முயலலாம்.

என் தங்கை மகனிடம் இதைச் சொன்னேன். "சான்றுக்கு எங்கே போறது மாமா, ஒரு வேலையையும் படம் எடுத்து வைக்கலையே" என்கிறான். டிக்டாக்கில் தினம் ஒரு படம் வருகிறது! ஏர்கோன் மட்டும் அதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டம் வேண்டாம் என்ற பேச்சு கோலாலம்பூரில் ஒரு மாதிரி காதில் விழும், தோட்டத்து வீட்டில் வேறு மாதிரி விழும். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மில் நல்ல தேர்ச்சி பெற்ற பெண் பிள்ளையை மேலே படிக்கவிடாமல் பேக்டரி பஸ்ஸில் ஏற்ற, அப்பனுக்கு அந்தக் கடிதம் ஒரு சாக்கு. டாக்டராகவோ வழக்கறிஞராகவோ யூடியூப் பார்த்து ஆக முடியாது. பொறியாளராகப் பதிவு செய்யவும் அங்கீகரிக்கப்பட்ட பட்டம்தான் கேட்பார்கள். அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தனே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்தவர்தான். அந்தப் பிள்ளை அரசாங்கத்தின் பிடிபிடிஎன் கல்விக் கடன் வாங்கியாவது படிக்கட்டும்.

எம்.ஏ. வாசகரின் கடிதத்துக்குக் கொடுத்த அளவு இடத்தில், பிபிடிக்கு எங்கே, எந்தப் பாரத்தோடு விண்ணப்பிப்பது என்பதைத் தமிழில் போடுங்கள் ஐயா. வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன். பையன்கள் வயர் வாங்க அங்கேதான் வருகிறார்கள்.

வயரிங்காரன்,
சுங்கை சிப்புட், பேராக்