திரும்பி வரும் தேதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய செய்தியை மூன்று தடவை படித்துவிட்டேன். அடுத்த மாதம் வியாழன், வெள்ளி மீட்டிங், நேரம் கிடைத்தால் அவரையும் கூட்டிப்போய் இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வரலாமென்று பார்க்கிறேன், நீதான் நிறைய டூர் போனவளாச்சே, எப்படிப் போட்டால் சரியாக வரும் என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் பத்து நிமிடத்தில் உனக்கு அடுத்த கால் வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. உன்னைக் கடல் தாண்டிக் கூப்பிட்டுப் பேசவைக்கிறார்கள் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்ததாக எழுதப்போவது உனக்குப் பிடிக்காது.

'நேரம் கிடைத்தால்' என்று எழுதியிருக்கிறாயே, அதை மாப்பிள்ளையிடமும் அப்படியே சொன்னாயா? 'கூட்டிப்போகிறேன்' என்றும் எழுதியிருக்கிறாய். குழந்தையைக் கூட்டிப்போவார்கள், பெரியவர்களைக் கூட்டிப்போவார்கள். அவரைக் கேட்டாயா, அவருக்கு லீவு இருக்கிறதா, அந்த ஊரில் அவருக்குப் பார்க்க ஆசையாக ஏதாவது இருக்கிறதா? புதன்கிழமை நான் போன் செய்தபோது அவர்தான் எடுத்தார். நீ எங்கே என்றேன், ஊர்ப் பெயரைக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். என்றைக்குத் திரும்பி வருகிறாய் என்றேன், அது தெரியவில்லை அத்தை, கேட்டுச் சொல்கிறேன் என்றார். சரி, அது இருக்கட்டும். நீ பயணத்தைப் பற்றித்தானே கேட்டாய்.

முதல் விஷயம், அவர் உன்னோடு புதன்கிழமையே கிளம்ப வேண்டாம். மீட்டிங் முடிந்த பிறகு வரட்டும். வெள்ளி சாயங்காலம் அவர் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். முன்னாலேயே வந்தால் சேர்ந்து போகலாம், அறை எப்படியும் ஆபீஸ் கொடுப்பதுதானே என்று தோன்றும். வேண்டாம். மீட்டிங்குக்கு முந்தைய நாள் உன் தலைக்குள் அந்த மீட்டிங்தான் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் யார் நடந்து வந்தாலும் உனக்குத் தெரியாது. மீட்டிங் நாட்களில் அவர் அறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெள்ளி ராத்திரி எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போகிறோம் என்று கடைசி நேரத்தில் யாராவது சொல்வார்கள், அதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள். அன்றைக்கு வரமாட்டேன் என்று இப்போது சொன்னால் ஒன்றுமில்லை, அன்றைக்குச் சாயங்காலம் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள். முடிந்தால் திங்கட்கிழமைக்கும் ஒரு நாள் லீவு சொல்லிவிடு. இரண்டு பேரும் வீட்டில் துணி துவைத்துக்கொண்டாவது ஒன்றாக இருக்கலாம்.

இரண்டு நாள் இரண்டு நாள் என்கிறாயே, கணக்குப் போட்டுப் பார்த்தாயா? வெள்ளி சாயங்காலம் 7 மணியிலிருந்து ஞாயிறு மாலை 4 மணிக்கு ஏர்போர்ட் கிளம்பும் வரை மொத்தம் 45 மணி நேரம். இரண்டு ராத்திரித் தூக்கம் 16 போனால் 29. குளித்துக் கிளம்ப, சாப்பிட, வரிசையில் நிற்க, வழி தெரியாமல் சுற்ற என்று 10 மணி நேரம் தாராளமாகப் போகும். மிச்சம் 19. அந்த 19 மணி நேரத்துக்கு நீ இருபது இடம் எழுதி வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? அரை நாளுக்கு ஒரு இடம் போதும். ஒன்று நீ சொல், ஒன்று அவர் சொல்லட்டும். நாள் தவறினால் கதவைத் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும், பல ஊர்களில் மியூசியங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, பாரிசில் லூவ்ருக்குச் செவ்வாய்க்கிழமை. நீங்கள் போகிற ஊரில் ஞாயிற்றுக்கிழமை எது திறந்திருக்கும், அந்த வாரம் பொது விடுமுறை ஏதாவது வருகிறதா என்று அவரைப் பார்க்கச் சொல். எல்லாவற்றையும் நீயே பார்த்து முடித்துவிட்டு அவரிடம் காலெண்டர் அழைப்பு அனுப்பாதே.

டிக்கெட் விஷயத்தில் ஒன்று. உன்னுடையதை ஆபீஸ் போடும், அவருடையதை நீங்கள் தனியாகப் போடுவீர்கள், ஆகவே விமானக் கம்பெனிக்கு நீங்கள் இரண்டு பேரும் யாரோ யாரோதான். ஒருவர் விமானம் தாமதமானால் இன்னொருவர் விமானம் காத்திருக்காது. திரும்பும்போதாவது ஒரே விமானத்தில் வாருங்கள், இரண்டு டிக்கெட்டின் புக்கிங் எண்ணையும் கொடுத்துப் பக்கத்துப் பக்கத்து இருக்கை கேட்டுப் பார். போக வர சேர்த்து எடுத்தால் மலிவு என்று எடுத்துவிட்டு, போகிற டிக்கெட்டைப் பயன்படுத்தாமல் விட்டுவிடாதீர்கள், முதல் பாதியில் ஏறவில்லை என்றால் மிச்சப் பாதியையும் பொதுவாக ரத்து செய்துவிடுவார்கள். அவருக்கு விசா வேண்டுமென்றால் உன் விசாவை நம்பி ஒன்றும் நடக்காது, அவருக்குத் தனி விண்ணப்பம், தனி நேரம். உன்னுடையது வேலைக்கென்று வாங்கிய விசாவாக இருந்தால் மேற்கொண்டு இரண்டு நாள் தங்க அதில் இடம் இருக்கிறதா என்று கேள். அவருடைய பாஸ்போர்ட் காலாவதி ஆகும் தேதியை இன்றைக்கே எடுத்துப் பார், நிறைய நாடுகள் ஆறு மாதம் மிச்சம் கேட்கும். வீட்டில் எந்த அலமாரியில் இருக்கிறதென்று அவருக்குத்தான் தெரியும். கேள், அந்தச் சாக்கிலாவது பேசுங்கள்.

தங்குகிற இடத்தை வெள்ளிக்கிழமை மாற்றிவிடு. ஆபீஸ்கள் இருக்கிற பகுதியில் சனி ஞாயிறு அறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் தெருவில் ஆள் இருக்காது, பாதிக் கடை சாத்தியிருக்கும். பழைய ஊருக்குள், இறங்கினால் நடந்தே எங்கும் போகிற மாதிரி ஒரு சின்ன இடமாகப் பார். ஆபீஸ் பில்லை வெள்ளி காலையில் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடு, அடுத்த இரண்டு ராத்திரிக்கு உங்கள் கார்டு, உங்கள் பில். தினப்படியும் வெள்ளியோடு நின்றுவிட வேண்டும். ஞாயிறு திரும்பும் டிக்கெட் வெள்ளி டிக்கெட்டைவிடக் கூடுதல் என்றால், எடுக்கிற அன்றைக்கே இரண்டு விலையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து வித்தியாசத்தை நீ கட்டு. மேலதிகாரியின் சம்மதத்தை மெயிலில் வாங்கு, வாய்வார்த்தை வேண்டாம். ஆபீஸ் இன்சூரன்ஸ் சொந்த நாட்களுக்குச் செல்லுமா என்று கேட்டுக்கொள், அவருக்குப் பெரும்பாலும் செல்லாது, தனியாக எடுங்கள். இருபத்தெட்டு வருடம் மற்றவர்களின் பயணக் கணக்கைத் தணிக்கை செய்தவள் நான், ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடிப்பேன் என்று பெயர்.

அந்தப் பெயரைப் பற்றித்தான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது உன்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு என் ஆபீஸ் வேலையாக நானும் அப்பாவும் ஒரு வாரம் வெளியூர் போனோமே, நினைவிருக்கிறதா? அப்பா பாதியிலேயே திரும்பி வந்துவிட்டார். அப்பாவுக்கு வெளியூர் ஆகாது, சொந்தத் தலையணை இல்லாமல் தூக்கம் வராது என்று இன்றுவரை நம் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறோமே, அந்தக் கதையைக் கட்டிவிட்டவள் நான். அவருக்குத் தூக்கமெல்லாம் நன்றாகத்தான் வந்தது. எனக்காக லீவு போட்டுக்கொண்டு வந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு முதல் நாள் எட்டு மணிக்கு வந்தேன், இரண்டாம் நாள் ஒன்பதரை. மூன்றாம் நாளும் ஒன்பதைத் தாண்டிக் கதவைத் திறந்தபோது, அவர் ஷூ போட்டபடியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தனியாக நடந்து நடந்து இரண்டு குதிகாலிலும் கொப்புளம், அதன் மேலேயே ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். நாளைக்காவது சேர்ந்து போகலாமா என்று கேட்டார். நான் இங்கே வேலைக்கு வந்திருக்கிறேன், ஊர் சுற்ற வரவில்லை என்றேன். மறுநாள் காலை ரயிலில் கிளம்பிவிட்டார்.

வேலை அவ்வளவு இருந்ததா என்றால், இல்லை பாப்பா. என்னோடு வந்தவர்கள் ஐந்தரைக்கெல்லாம் எழுந்து போனார்கள். கடைசியாக விளக்கை அணைப்பவள் என்று என்னைச் சொல்ல வேண்டும், அதற்காக உட்கார்ந்திருந்தேன். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவு சாத்தியபோது எனக்கு முதலில் வந்தது வருத்தம்கூட இல்லை. அப்பாடா, இனி நேரம் பார்க்காமல் வேலை செய்யலாம் என்றுதான் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்கு வந்து அந்தத் தலையணைக் கதையைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, நீங்கள் எல்லாம் சிரித்தபோது கூடவே சிரித்தார். அதற்குப் பிறகு நான் எங்கும் அவரை வா என்று கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் என்றைக்குத் திரும்புவாய் என்று கேட்பதையும் விட்டுவிட்டார். வாசலில் என் பெட்டி சத்தம் கேட்டால் வந்துவிட்டேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். யாராவது போனில் அவரிடம் நான் எங்கே என்று கேட்டிருந்தால் அவரும் யோசித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்.

அதனால்தான் புதன்கிழமையிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை, ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நீ கெட்டிக்காரி, என்னைவிட நல்ல மனசு உனக்கு, வேலையையும் என்னைவிட நன்றாகச் செய்கிறாய். தேதியை மட்டும் முதலில் அவரிடம் சொல். டிக்கெட் போட்ட பிறகு சொல்லாதே, போடுவதற்கு முன்னால் சொல்.

அப்புறம் ஒன்று விட்டுப்போய்விட்டது. நீ அங்கே போய் இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும், உன் உடம்பு அந்த ஊர் நேரத்துக்குக் கொஞ்சம் பழகியிருக்கும். அவர் வெள்ளி ராத்திரி புதிதாக வந்து இறங்குவார். நேர வித்தியாசத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் என்று உடம்பு கேட்கும், கிழக்கே போனால் மேற்கே போவதைவிடச் சிரமம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே அவரை எழுப்பி இழுத்துக்கொண்டு ஓடாதே. காலையை ஒன்றுமில்லாமல் விட்டுவிடு, அவர் தூங்கினால் நீயும் பக்கத்தில் சும்மா இரு. லேப்டாப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடு, போனில் ஆபீஸ் மெயில் சத்தத்தையும் நிறுத்திவிடு. ஒரே ஒரு மெயில் என்று திறப்பாய், தலை நிமிர்ந்தால் மதியம் ஆகியிருக்கும். ஞாயிறு செக்-அவுட் ஆன பிறகு பெட்டியை ரிசப்ஷனிலேயே வைத்துவிட்டுக் கைவீசி நடங்கள், கேட்டால் வைத்துக்கொள்வார்கள். மறுபடியும் சொல்கிறேன், அவர் வெள்ளி சாயங்காலம் வரட்டும், முன்னால் வேண்டாம். ஏர்போர்ட்டுக்கு நீயே போய்க் கூட்டிக்கொள், டாக்சி அனுப்பாதே.

இவ்வளவு நேரம் யாருக்கு எழுதுகிறாய் என்று அப்பா இப்போதுதான் வந்து கேட்டார். பாப்பாவும் மாப்பிள்ளையும் சேர்ந்து இரண்டு நாள் ஊர் பார்க்கப் போகிறார்கள், அதைப் பற்றி என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டாம் என்று சொல், பழகின ஷூவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் குதிகால் போய்விடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எழுதிவிட்டேன். நானும் எழுந்து உள்ளே போகிறேன்.

அம்மா